மஞ்சள் எட்டு

மார்ச் 3

அன்புள்ள கீச்சுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நம் அச்சுக் கடைப் பிரிண்டருக்குத்தான் சுகமில்லை, ஆகையால் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரே வரியில் முடித்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

பழைய கம்ப்யூட்டர் போன மாதம் உயிரை விட்டது. புதியதில் டிசைன் சாஃப்ட்வேர், பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. திரை என்னுடையது, மெஷின் உன்னுடையது என்றே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். நான் ‘அச்சுக்குக் கொடு’ என்பேன், நீ கொடுப்பாய். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கிற இந்த டிரைவரின் முகத்தையே நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பேக்கரிக்காரர் இரண்டாவது கடை திறக்கிறார். புதுப் பெட்டிகளுக்கு ரொட்டிப் படம் போட்டு மாதிரி அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வந்து நிற்கிறார். “என்னங்க, ரொட்டியெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு? பூஞ்சை புடிச்ச மாதிரி இருக்குதே. இதைப் பார்த்து யார் வாங்குவா?” என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் வேறு இரண்டு வாடிக்கையாளர்களும் அதையே சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள் அல்லவா?

புது டிரைவர்தான் வேலையைக் காட்டுகிறது. இத்துடன் மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். போனில் படம் அனுப்பினால் உன் போன் ஒரு நிறம் சொல்லும், என் போன் ஒரு நிறம் சொல்லும். தாளைக் கையில் வைத்துப் பார்த்து எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். விவரமாகவே எழுதுகிறேன். எனக்கு ஒரு வாரம் ஜலதோஷம், இப்போது மூக்கு திறந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கு எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே டைல்ஸ் கம்பெனியில் எனக்கு நிறம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் வெள்ளை டைல்ஸ்களை வரிசையாக வைத்து, இது ஒரு வெள்ளை, அது வேறு வெள்ளை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே நல்ல வெளிச்சத்தில் ஒரு மேஜை உண்டு. மதியம் உங்கள் தாளை அதில் வைத்துப் பார்த்தேன். பேக்கரிக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது அண்ணா.

மூன்று விஷயம் பாருங்கள். டிரைவரில் தாளின் வகை சரியாக இருக்கிறதா? நிறத்தைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறதா, டிரைவர் பார்த்துக்கொள்கிறதா? இரண்டும் சேர்ந்து கை வைத்தால் கெடும். கடைசியாக, டிரைவரில் ‘நிறம்’ என்று ஒரு பகுதி வரும். அதில் மஞ்சளை எட்டு ஏற்றிப் பாருங்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றுங்கள்.

கண்ணாடி மாற்றி எவ்வளவு நாளாயிற்று? சும்மாதான் கேட்டேன்.

அன்புத் தங்கை,
கீச்சு

---

மார்ச் 26

அன்புள்ள கீச்சுவுக்கு,

அண்ணியின் முழங்கால் வானிலையைப் பொறுத்தது. இன்று வெயில், ஆகவே நலம். மாப்பிள்ளையை நடக்கச் சொல்.

நீ சொன்ன இரண்டாவது விஷயம் உண்மை. சாஃப்ட்வேரும் டிரைவரும் சேர்ந்து ஒரே நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. டிரைவரின் கையைக் கட்டிப்போட்டேன். கொஞ்சம் முன்னேற்றம் என்று பேக்கரிக்காரர் சொன்னார், அப்புறம் மறுபடி உதட்டைப் பிதுக்கினார். டிரைவரை அழித்து ஏற்றினேன், ஐந்து தடவை. ஐந்தாவது தடவை அதுவே என்னைப் பார்த்து ‘மறுபடியுமா’ என்று கேட்ட மாதிரி இருந்தது.

மஞ்சள் எட்டும் செய்து பார்த்தேன். சகிக்கவில்லை. ரொட்டி முழுவதும் அழுக்கு. உடனே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது ஏன் எட்டு? ஏழு ஏன் ஆகாது? ஒட்டுப்போடுகிற வேலை எனக்கு ஆகாது என்று தெரியாதா? நோய் எங்கே என்று தெரிய வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய நாளிலும் ‘பிரிண்டர் கொஞ்சம் மஞ்சள் அடிக்குது’ என்று நான் சொல்வேன், நீ ‘காஞ்சா சரியாயிடும்’ என்பாய். இந்த டிரைவர் மையை அதிகமாக விடுகிறது. அது காய்கிறபோது நீலமாகிறது. கடையில் இருக்கும்வரை சரியாக இருப்பது அவர் வீட்டுக்குப் போனதும் கெடுவது அதனால்தான். என்ன சொல்கிறாய்?

கண்ணாடி போன வருடம்தான் மாற்றினேன். பேச்சை மாற்றாதே.

அண்ணன்

---

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நடக்கச் சொன்னேன், கடைவரை நடந்து போய் முறுகலாக எதையோ வாங்கித் தின்றுவிட்டு வந்தார்.

மை காய்ந்து நிறம் மாறுவதைப் பற்றி இப்போதைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு சோதனை செய்வோம். பேக்கரிக்காரரின் கேமராவிலிருந்து வந்த படத்தை, நீங்கள் கையே வைக்காமல், அப்படியே ஒரு தாளில் அடியுங்கள். அது ஒன்று. நீங்கள் நிறம் சரிசெய்த படத்தை இன்னொரு தாளில் அடியுங்கள். அது இரண்டு. ஒரே டிரைவர், ஒரே தாள், எல்லாம் பூஜ்யத்தில். இரண்டையும் ஒரு நாள் முழுக்கக் காயவையுங்கள். பிறகு எது எப்படித் தெரிகிறது என்று பின்பக்கம் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அண்ணியையும் கேட்டு எழுதினால் நல்லது.

அன்புடன்,
கீச்சு

---

ஏப்ரல் 17

அன்புள்ள கீச்சுவுக்கு,

நலம். இரண்டு தாளும் இத்துடன். காய வைத்தது ஒரு நாளல்ல, இரண்டு நாள்.

பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இங்கும் எழுதுகிறேன். முதல் தாள் படுமோசம், பழைய வெள்ளைத் துணி மாதிரி பழுப்பேறிக் கிடக்கிறது. இரண்டாவது ஜம்மென்று இருக்கிறது. மேலோடு, உள்ளே வெள்ளை, எல்லாம் பளிச். ஆக, ஒரே டிரைவர் ஒரு தாளைக் கெடுக்கிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது. இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

உன் அண்ணியைக் கேட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “எனக்கென்ன தெரியும், அடுப்புல பால் இருக்கு” என்று போய்விட்டாள்.

பேக்கரிக்காரர் அடுத்த மாதக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு இடத்தில் கொடுத்துக்கொள்வாராம். அவர் போனால் போகட்டும். ஆனால் இருபத்தாறு வருடத்தில் நிறம் சரியில்லை என்று என்னிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. என்னிடம் இருப்பது இந்தக் கண் ஒன்றுதான் கீச்சு. அதை ஒரு டிரைவர் கேவலப்படுத்துவதை என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன்

---

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி? இந்தக் கடிதத்தை அண்ணன் கடையில் இருக்கும்போது படியுங்கள்.

அவர் அனுப்பிய இரண்டு தாளையும் வெளிச்ச மேஜையில் வைத்துப் பார்த்தேன். அவர் படுமோசம் என்று எழுதிய முதல் தாள்தான் அச்சு அசலான ரொட்டி. ஜம்மென்று இருக்கிறது என்ற இரண்டாவதுதான் நீலம். டிரைவர் ஒரு பாவமும் செய்யவில்லை அண்ணி. அண்ணனின் கண் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டுகிறது. அவர் அந்த மஞ்சளைத் துடைக்கிறேன் என்று நிறத்தைத் துடைத்துவிடுகிறார்.

இது எனக்கு இன்று தெரிந்ததல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று வருடம் முன்பே அவர் டிசைன்கள் லேசாக நீலமடிக்க ஆரம்பித்தன. யாரும் புகார் சொல்வதற்கு முன்னால் நான் டிரைவரில் மஞ்சளை மூன்று ஏற்றிவிட்டேன். சரியாகிவிட்டது. அடுத்த வருடம் ஐந்து. நான் வேலையை விட்டு இங்கே கிளம்பும்போது எட்டு. அவர் அச்சைப் பார்த்து ‘மஞ்சள் அடிக்குது’ என்றால், ‘காஞ்சா சரியாயிடும்’ என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். கம்ப்யூட்டர் செத்ததும் அந்த எட்டும் கூடவே செத்துவிட்டது.

இவ்வளவு நாள் கண் டாக்டரிடம் போகாமல் அவரை வைத்திருந்தது நான்தான் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் பக்குவமாக அவரிடம் சொல்லி அழைத்துப் போவீர்களா?

கீச்சு

---

மே 2

அன்புள்ள கீச்சுவுக்கு,

முழங்காலை விடு. உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. கூடத்து விளக்கை மூன்று முறை மாற்றிவிட்டார். எது போட்டாலும் “என்ன லைட் இது, மங்கலா எரியுது” என்பார். போன வாரம் ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், ஒரு காலில் நீல சாக்ஸ். நான் சொன்னதற்கு, “ரெண்டும் கறுப்புதான், உன் கண்ணை டாக்டர்ட்ட காட்டு” என்றார். அந்த ரொட்டித் தாள் இரண்டையும் கையில் கொடுத்தபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. அதனால்தான் பாலைச் சாக்கு வைத்து உள்ளே போனேன்.

ஆனால் நான் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் சொன்னால், ‘உனக்கு நிறத்தைப் பத்தி என்ன தெரியும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். உன்னை அப்படிச் சொல்ல அவரால் முடியாது. நீ செய்ததை நீயே எழுது. பூசி மெழுகாதே. கத்துவார். கத்தட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணி

---

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

டிரைவரில் கோளாறு இல்லை. மறுபடி அழித்து ஏற்றாதீர்கள். நீங்கள் மோசம் என்று சொன்ன முதல் தாள்தான் சரியான நிறம். இங்கே என்னோடு வேலை செய்கிற நான்கு பேரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன், நான்கு பேரும் முதல் தாளைத்தான் எடுத்தார்கள். உங்கள் கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும் அண்ணா. புரை விழுந்தால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். எங்கள் மேற்பார்வையாளரின் அம்மாவுக்கு இருந்தது, எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார்.

இன்னொன்று. மூன்று வருடமாக உங்களுக்குத் தெரியாமல் டிரைவரில் மஞ்சளை ஏற்றி வைத்தது நான். எட்டு என்று நான் சொன்னது அதனால்தான். காய்ந்தால் சரியாகும் என்றதெல்லாம் பொய். உங்கள் கண்ணைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை, மெஷினில் திருத்துவது சுலபமாக இருந்தது. அன்றே சொல்லியிருந்தால் அன்றே டாக்டரிடம் போயிருப்பீர்கள். தப்பு என்னுடையது.

தயவுசெய்து கண் டாக்டரைப் பாருங்கள். அதன் பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

கீச்சு

---

ஜூன் 10

அண்ணா,

ஒரு மாதமாகிறது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். போன் செய்தால் அண்ணி “கடையில இருக்காரு” என்கிறார், எந்த நேரத்தில் செய்தாலும் கடையில்தான் இருக்கிறீர்கள். உடம்பு நலம்தானே?

கீச்சு

---

ஜூன் 29

அன்புள்ள கீச்சுவுக்கு,

நலம். இதை வலது கண்ணால் எழுதுகிறேன். இடது கண்ணை மூடியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு பத்து நாள் எனக்கு உன்மேல் கடுங்கோபம். மறைக்கவில்லை. அண்ணியிடம் உன்னைப் பற்றி நிறையப் பேசினேன். அவள் சாக்ஸ் இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் போட்டுவிட்டுப் போனாள்.

பேக்கரிக்காரரின் கெடு முடிகிற நாள் வந்தது. நீ சரி என்று சொன்ன முதல் தாளையே மறுபடி அடித்து அவரிடம் கொடுத்தேன். கண்ணில் அழுக்காகத் தெரிகிற ஒன்றை என் வேலை என்று நீட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் வாங்கிப் பார்த்தார். “இதைத்தாங்க மூணு மாசமா கேட்டுட்டு இருக்கேன்” என்றார். மறுநாள் நானாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் மூன்று வாரத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் நான் கேட்டது, உனக்கு அனுப்பியதைப் போலவே அடித்து வைத்திருந்த இரண்டு தாளைத்தான். இடது கண்ணை மூடி இரண்டாவதைப் பார்த்தேன், ரொட்டியில் பூஞ்சை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், ஜம்மென்று இருக்கிறது. மாற்றி மாற்றி மூடிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து, “யாருக்குங்க கண்ணடிக்கிறீங்க?” என்றாள்.

இப்போது என் பழைய வேலைகளையெல்லாம் எடுத்து இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ அச்சுக்குக் கொடுத்த ஒவ்வொன்றும் வலது கண்ணில் சரியாக இருக்கிறது. நல்ல வேலை செய்திருக்கிறாய். கோபம் போய்விட்டது, வருத்தம் கொஞ்சம் இருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

அண்ணன்

---

ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன், பக்கத்து வீட்டம்மா பயந்துவிட்டார். உங்கள் மாப்பிள்ளை நலம். நானும் நலம்.

நீங்கள் நல்ல வேலை என்று எழுதியது குறுகுறுக்கிறது. போன கடிதத்தில் தைரியம் வரவில்லை என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் தொடாமல் உங்கள் அச்சு சரியாக வராது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஊரே உங்கள் கண்ணைப் பாராட்டும்போது, அதில் பாதி என்னுடையது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன். அந்தச் சந்தோஷத்துக்காகவும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு விலை உங்கள் கண். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இடது கண் ஆனதும் வந்து பார்க்கிறேன், நீங்கள் வா என்று சொன்னால்.

கீச்சு

---

ஜூலை 20

அன்புள்ள கீச்சுவுக்கு,

இடது கண்ணும் முடிந்தது. அண்ணியின் முழங்கால், என் கண், பிரிண்டர், எல்லாம் நலம். டிரைவரில் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கிறது.

உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டவில்லை. இதையும் காட்டப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “எவ்வளவு நாளா மங்கலா தெரியுது?” என்று கேட்டார். அண்ணி பக்கத்தில் நின்றாள். “இப்பத்தான், ரெண்டு மூணு மாசமா” என்றேன். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நான்கு வருடம். நீ மஞ்சளை ஏற்ற ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே எனக்குத் தெரியும். வெள்ளைத் தாள் வெள்ளையாக இல்லை. யாருக்கும் சொல்லாமல் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன், விளக்கை மாற்றினேன், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் டிசைன் வேலையை விடச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்த வருடம்தான் ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டு, இனி மெஷின் முழுக்க உன் பொறுப்பு, நான் கிட்டேயே வரமாட்டேன் என்றேன். உனக்குச் சுதந்திரம் கொடுப்பதாக நீ நினைத்தாய். சந்தோஷத்தில் குதித்தாய். நான் கொடுத்தது என் பயத்தை. நம் வீட்டில் இருப்பதிலேயே நல்ல கண் உன்னுடையது என்று தெரிந்துதான் உன் கையில் கொடுத்தேன். நீ ஏதோ செய்கிறாய் என்றும் தெரியும். என்ன என்று கேட்டால் என் குட்டு உடையும், அதனால் கேட்கவில்லை. டிரைவரை ஐந்து தடவை அழித்து ஏற்றியவனுக்கு அது டிரைவர் இல்லை என்று உள்ளே தெரியாமலா இருந்தது?

ஆகவே என் கண்ணுக்கு நீ விலை போட வேண்டாம். நான் வாய்விட்டுக் கேட்காத உதவியை நீ செய்தாய், அது பிடித்தும் இருந்தது என்றால் எனக்குச் சந்தோஷம். பிடிக்காமல் செய்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

சனிக்கிழமை வண்டியில் கிளம்பி வா. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். நான்கு வருடமாக உன் முகத்தையும் அந்த மஞ்சளில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பேச ஆரம்பித்துவிடாதே. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் நில்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அண்ணன்